தூண்டில் ஈயம் வீட்டிலேயே வார்ப்பது எப்படி: முதல் தடவை செய்பவர்களுக்கு

திருகோணமலையில் பாரிலே (கடலடிக் கற்பாறையிலே) தூண்டில் போடுகிறவர்களுக்குத் தெரியும், மீனைவிட ஈயத்தைத்தான் கடல் அதிகம் எடுத்துக்கொள்ளும். கல்லுக்குள் சிக்கினால் தங்கூசி (தூண்டில் நைலோன் நூல்) அறும், ஈயம் அங்கேயே தங்கும். வாரக் கடைசியில் மட்டும் கடலுக்குப் போகிறவருக்குக் கடை ஈயமே போதும். அடிக்கடி போகிறவர், அதுவும் 100 கிராமுக்கு மேல் கட்டுகிறவர், வார்க்கப் பழகிக்கொள்வது நல்லது. மிளகளவு சின்ன மணிகளை வார்ப்பது வீண் வேலை. வாங்கிவிடுங்கள்.

ஈயம் 327 பாகை செல்சியசில் உருகிவிடும், அதற்கு வீட்டுக் காஸ் அடுப்பே தாராளம். நெருப்பைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் இந்த வேலையில் ஆளைச் சுடுவது பெரும்பாலும் ஈரம். ஒரு துளி தண்ணீர் உருகிய ஈயத்துக்கு அடியில் மாட்டினால் ஒரே நொடியில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும், மேலே இருக்கிற ஈயம் முழுவதும் முகத்தை நோக்கிப் பறக்கும். கடற்காற்றில் எதுவுமே முழுசாகக் காயாத ஊர் நம்முடையது. அதனால் கீழே ஒவ்வொரு படியிலும் 'காய்ந்ததா?' என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். வாடைக் காலத்தில், அதாவது வடகீழ்க் காற்று மழையில், இந்த வேலையைத் தொடவே வேண்டாம். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில், காற்று எழும்புவதற்கு முந்திய காலை நேரம்தான் தோது.

ஈயம் எங்கே எடுப்பது

டயர் கடைகளில் சில்லுச் சமநிலைக்கு அடிக்கிற பழைய ஈயத் துண்டுகள் கிடைக்கும். பழைய இரும்புக் கடையில் ஈயக் குழாய், ஈயத் தகடு கிடைக்கும். டயர் கடைத் துண்டுகளில் இப்போது துத்தநாகமும் இரும்பும் கலந்து வருகின்றன. குறட்டால் ஓரத்தை நெரித்துப் பாருங்கள். ஈயம் என்றால் பல் பதியும், துத்தநாகம் அசையாது. தப்பி ஒன்று உள்ளே போனாலும் பரவாயில்லை. துத்தநாகம் உருக 419 பாகை வேண்டும், ஈயத்தைவிட இலேசு என்பதால் மேலே மிதக்கும். நெருப்பை அடக்கி வைத்திருந்தால் உருகுமுன் கரண்டியால் எடுத்துவிடலாம்.

வாகன பற்றரியை உடைத்து ஈயம் எடுக்காதீர்கள். அமிலம் ஒரு பக்கம், அதை உருக்கும்போது வருகிற நச்சுப் புகை இன்னொரு பக்கம். அப்புறம், காணியிலோ கரையிலோ கிடக்கிற பழைய ரவை, குண்டு எதையும் ஈயம் என்று பொறுக்க வேண்டாம். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட ஊர் இது, பிறகு உள்நாட்டுப் போரையும் கண்டது. அப்படி ஏதும் கண்டால் கை வைக்காமல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

கடலில் கிடந்து வந்த பழைய ஈயமும் உருக்கலாம்தான், ஆனால் அதன் வெடிப்புகளுக்குள் உப்புத் தண்ணீர் நிற்கும். நல்ல தண்ணீரில் கழுவி, நாலைந்து நாள் நல்ல வெயிலில் போட்ட பிறகே எடுங்கள்.

அச்சு

இதற்குத்தான் நேரம் எடுக்கும். 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருண்டைக் கம்பு ஒன்றை 8 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையையும் கொஞ்சம் மழுக்குங்கள். ஈயம் ஒரு கன சென்ரிமீற்றருக்கு 11.3 கிராம். அந்தக் கணக்கில் இந்தக் கம்பு அளவு ஈயம் ஏறக்குறைய 100 கிராம் வரும். இந்த ஒடுங்கிய நீள வடிவம் பார்க் கல்லுக்குள் அவ்வளவாகச் சிக்காது. நிலாவெளி மணலில் நின்று வீசுகிறவருக்கு அது உருண்டோடும், அவருக்கு நாலு பக்கமும் சரிந்த கூம்புதான் சரி. முதல் அச்சுக்குக் கம்பே போதும்.

கம்பில் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் பிளாஸ்டர் ஒஃப் பாரிசைக் கரைத்து ஊற்றி (தண்ணீர் ஒரு பங்கு, மா இரண்டு பங்கு, தண்ணீருக்குள்தான் மாவைத் தூவ வேண்டும்), கம்பின் பாதி மட்டும் புதையும்படி வையுங்கள். இறுகியதும் இரண்டு மூலையில் நாணயத்தைத் திருகி ஆழமில்லாத குழி எடுங்கள். இரண்டு பாதியும் பிசகாமல் பொருந்த அதுதான் உதவும். மேற்பரப்பில் சவர்க்காரத் தண்ணீரை இரண்டு மூன்று முறை தடவிவிட்டு அடுத்த பாதியை ஊற்றுங்கள். சவர்க்காரத்தை மறந்தால் இரண்டும் ஒரே கல்லாகிவிடும்.

இறுகிய பிறகு பிரித்துக் கம்பை எடுத்துவிட்டு, ஒரு முனையில் புனல் போல வாய் செதுக்குங்கள். வாய் பெரிதாக இருக்கட்டும். ஈயம் உறையும்போது சுருங்கும், அந்த நேரம் வாயில் நிற்கிற ஈயம்தான் இறங்கி நிரப்பும். வாய்க்குப் பக்கத்தில் காற்றுப் போக மெல்லிய கோடு இரண்டு கீறுங்கள். அடி முனையில், தங்கூசி கட்டுகிற வளையக் கம்பி வெளியே வர ஒரு சின்னக் கோடு.

இனிக் காய வைப்பது. வெயில் மட்டும் போதாது, பிளாஸ்டர் தண்ணீரைத் தனக்குள்ளே கட்டி வைத்திருக்கும். ஒரு கிழமை வெயிலில் வைத்துவிட்டு, இரண்டு பாதியையும் தனித்தனியாக ஓவனில் 120 பாகையில் வையுங்கள். ஓவன் இல்லாவிட்டால் அடங்கிய சிரட்டைத் தணலுக்கு மேலே தகரம் போட்டு அதன்மேல் வைக்கலாம். மணிக்கு ஒரு தடவை தராசில் வைத்து நிறுங்கள். நிறை குறைவது நின்ற பிறகு, குளிர்ந்த கண்ணாடித் துண்டை மேலே பிடியுங்கள். பூத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒரு தடவை வார்த்த அச்சு திரும்ப ஓவனுக்குள் போகக் கூடாது.

உடுப்பும் இடமும்

சாரமும் செருப்பும் வேண்டாம். பருத்தியில் முழுக்காற்சட்டை, நீளக்கைச் சட்டை, மூடின தோல் சப்பாத்து, தோல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. நைலோன் துணி உருகி ஒட்டும். சமையலறையிலும் சீமெந்துத் தரையிலும் வேண்டாம், சிந்தினால் சீமெந்துக்குள் இருக்கிற ஈரம் தெறிக்கும். காய்ந்த மணல் பரப்பிய முற்றத்தில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் கிட்ட விடவே கூடாது. பிள்ளையின் மூளைக்கு ஈயம் எவ்வளவு சேர்ந்தாலும் கேடு, 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஓர் அளவே கிடையாது. கையில் வெற்றிலையோ பீடியோ இருந்தால் கையிலுள்ள ஈயம் நேரே வாய்க்குப் போகும்.

உருக்குதல்

கனமான இரும்புத் தாச்சி எடுங்கள். அலுமினியச் சட்டி சூட்டில் தளர்ந்துவிடும், அது ஆகாது. இந்தத் தாச்சியும் கரண்டியும் இனிமேல் சமையலுக்கு இல்லை. ஈயம் முழுவதையும் குளிர்ந்த தாச்சியில் போட்ட பிறகே அடுப்பை மூட்டுங்கள். உருகிக்கொண்டிருக்கும் ஈயத்துக்குள் புதுத் துண்டு எறியாதீர்கள். சேர்க்கத்தான் வேண்டுமென்றால் தாச்சி விளிம்பில் வைத்துச் சூடாக்கி, மெல்லத் தள்ளுங்கள். கரண்டியும் அப்படித்தான், சூடேறாமல் உள்ளே போகக் கூடாது.

உருகியதும் இரும்புக் கிளிப்புகளும் அழுக்கும் மேலே வரும். வழித்தெடுத்து, கடலையளவு மெழுகுவர்த்தித் துண்டைப் போட்டுக் கிளறுங்கள். புகைந்து, பக்கென்று தீப்பிடிக்கும், முகத்தை விலக்கியே வைத்திருங்கள். தீ அணைந்த பிறகு சாம்பல் நிறப் பொடி ஒதுங்கும். அதையும் வழித்தால் அடியில் கண்ணாடி மாதிரி ஈயம் தெரியும். அந்தப் பளபளப்பு சில நொடியிலேயே மஞ்சளும் ஊதாவுமாக மாறினால் சூடு அதிகம், நெருப்பைக் குறையுங்கள்.

ஊற்றுதல்

அச்சின் உட்பக்கத்தை விளக்குச் சுவாலையில் காட்டி மெல்லக் கரி பிடிக்க விடுங்கள். ஈயம் ஒட்டாது, வழுக்கிக்கொண்டு ஓடும். துருப்பிடிக்காத கம்பியை முறுக்கி, வளையம் வெளியே நிற்க, உள்ளே போகிற முனையை வளைத்து வையுங்கள். வளைவு இல்லாவிட்டால் மீன் இழுக்கும்போது கம்பி மட்டும் கழன்று வரும். இரண்டு பாதியையும் சேர்த்து இரும்புக் கம்பியால் இறுக்கி, காய்ந்த மணல் தட்டில் நிறுத்துங்கள். அச்சு சூடாக இருக்க வேண்டும்.

தயங்காமல், ஒரே தாரையாக, வாய் நிரம்பும் வரை ஊற்றுங்கள். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் நடுவில் மடிப்பு விழும். மேலே பளபளப்பு மங்கியதும் உறைந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் இரண்டு மூன்று நிமிடம் விட்டு, கையுறையோடு திறவுங்கள்.

முதல் ஒன்றிரண்டு சுருக்கம் விழுந்து வரும், அச்சு போதிய சூடில்லை. திரும்ப உருக்கப் போடுங்கள். வெள்ளை பூத்தது போல வந்தால் சூடு அதிகம், ஆனால் பாவிக்கலாம். உள்ளே குமிழியும் ஓட்டையும் இருந்தால் அச்சில் ஈரம். அங்கேயே நிறுத்திவிட்டு அச்சைத் திரும்பவும் தணலுக்கு மேல் காய வைத்து, வேறொரு நாள் பாருங்கள்.

முடிந்த பிறகு

வாய்ப் பக்கத் துண்டைக் குறட்டால் வெட்டுங்கள். அரத்தால் நிறைய ராவாதீர்கள், அந்தத் தூள்தான் வீட்டுக்குள் வரும். கூரான விளிம்பைச் சுத்தியலால் தட்டினாலே மழுங்கும். வழித்தெடுத்த பொடியை மூடியுள்ள தகரப் பேணியில் போட்டுப் பழைய இரும்புக் கடைக்கே கொடுங்கள். கிணற்றடியில் கொட்டக் கூடாது. கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பை மற்றவர்களின் துணியோடு சேர்க்காமல் தனியாகத் தோய்த்த பிறகுதான் தேத்தண்ணீர்.