டெலிவரி வருமானத்தில் 20 சதவீதம் பிடித்தம்: காரணம் பான் எண்

உணவு டெலிவரி செய்யும் எனக்கு வாராவாரம் வரும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. உடன் ஓட்டுபவர்களுக்கு வரிப் பிடித்தம் 1 சதவீதம்தான். செயலியின் உதவிப் பிரிவு "அரசு விதி" என்று சொல்லி உரையாடலை முடித்துவிட்டது. வங்கியிலும் கேட்டுப் பார்த்தேன், அங்கே எதுவும் பிடிக்கவில்லை.

வருமான வரித் தளத்தில் படிவம் 26ஏஎஸ் (நம் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) எடுத்த பிறகுதான் பிடி கிடைத்தது. பிடித்த முழுத் தொகையும் என் பெயரில் வரியாகவே செலுத்தப்பட்டிருந்தது. ஆதாருடன் இணைக்காததால் பான் செயலிழந்திருந்தது. அப்படிப்பட்ட பானுக்கு 20 சதவீதம் பிடிக்க வேண்டும்.

ரூ.1,000 கட்டணம் செலுத்தியும் இணைப்பு ஏற்கப்படவில்லை, பெயர் பொருந்தவில்லையாம். இரண்டு அட்டைகளிலும் அச்சிட்ட பெயர் ஒன்றுதான்! ஆனால், அட்டையில் இனிஷியலோடு இருந்தாலும் பான் பதிவேட்டில் அப்பா பெயர் முழுமையாக விரிந்திருக்கும். நம் ஊரில் பலருக்கும் இதுதான் சிக்கலாக இருக்கும் என நினைக்கிறேன். தளத்தில் நுழைந்து சுயவிவரப் பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஆதார் மையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி இனிஷியலை விரித்து எழுதச் செய்தேன். அதன்பின் இணைப்பு உடனே ஏற்கப்பட்டது. பான் உயிர்பெற்றதும் பிடித்தம் 1 சதவீதத்துக்கு இறங்கியது. பெரிய நிம்மதி.

ஏற்கெனவே பிடித்த பணத்தை நிறுவனம் தராது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற்றேன். அதற்கு முன் வங்கிக் கணக்கையும் அதே தளத்தில் சரிபார்த்து வைக்க வேண்டும்.