பழைய ஹைப்ரிட் காரின் பேட்டரியில் குறை எங்கே என்று அறிதல்

எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் பேட்டரித் தொகுப்பு முழுவதையும் மாற்றிவிட வேண்டாம். பி0ஏ80 (P0A80) என்ற பிழைக் குறியீடு தொகுப்பின் சீர்கேட்டைச் சுட்டினாலும், அதன் காரணத்தை முழுமையாகச் சொல்வதில்லை. 2004 முதல் 2009 வரையிலான டொயோட்டா பிரியஸில், தலா 7.2 வோல்ட் கொண்ட 28 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மாட்யூல்கள் (சிறு பேட்டரி அலகுகள்) தொடராக இணைக்கப்பட்டு, இரண்டிரண்டாக 14 பிளாக்குகளாகக் கண்காணிக்கப்படுகின்றன. ஹைப்ரிட் தரவுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்தி, வண்டி வேகமெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஒவ்வொரு பிளாக்கின் வோல்டேஜையும் ஒப்பிட வேண்டும் (ஓட்டுபவர் ஒருவர், திரையைப் பார்ப்பவர் மற்றொருவர் என்பது கட்டாயம்). வண்டி நிற்கும்போது பழுதான பிளாக்கும் நல்லதைப் போலவே காட்டக்கூடும் என்பதால், அந்த அளவீட்டை மட்டும் நான் நம்புவதில்லை. சுமை ஏறும்போது மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் சரிந்து, சார்ஜ் ஏறும்போது மற்றவற்றை முந்திக்கொண்டு உயரும் பிளாக், பெரும்பாலும் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கொள்ளளவை இழந்ததாகவே இருக்கும். மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளில் பச்சை நிற அரிப்பு படிந்திருந்தாலும் அளவீடு பிறழும். குளிர்விக்கும் விசிறியில் தூசு அடைத்திருந்தால் தொகுப்பு சூடேறி விரைவில் தளரும். விசிறியை நீங்களே சுத்தம் செய்யலாம். ஆனால், ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் இருப்பதால், தொகுப்பைத் திறக்கும் வேலையை ஹைப்ரிட் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடமே விட வேண்டும்.