ஸ்மோக்கருக்குக் கொட்டகை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறைச்சியையும் மீனையும் மணிக்கணக்கில் மரப்புகையில் வேகவைக்கும் ஸ்மோக்கரைச் சென்னையில் வாங்கி வைப்பவர்களுக்கு முதலில் எழும் கவலை மழையைப் பற்றியதுதான். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்க்கும் ஊரில் அந்தக் கவலை நியாயமானது. ஆனால் மழையை மட்டுமே மனத்தில் வைத்துக்கொண்டு வெல்டரிடம் அளவு சொன்னால், நான்கு பக்கமும் தகரம் அடித்து ஒரு கதவு வைத்த பெட்டிதான் கிடைக்கும். அதற்குள் ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் தொடர்ந்து எரியப்போவது கரியும் விறகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை அந்த மறதியிலிருந்தே கிளைக்கின்றன.

கரி எரியும்போது வெளியேறும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தலைவலியும் கிறுகிறுப்பும் வந்த பிறகு சுதாரித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்று நம்புவது ஆபத்து. அதற்குள் உடம்பு ஒத்துழைக்காமல் போகக்கூடும். ஆகவே எவ்வளவு மழை பெய்தாலும் மூடவே முடியாதபடி குறைந்தது இரண்டு பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். தேவைப்படும்போது மட்டும் இறக்கிக்கொள்ளலாம் என்று அங்கே தார்ப்பாய்த் திரை கட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். அடைமழை நாளில் வீட்டில் யாராவது ஒருவர் அதை இறக்கியே தீருவார்.

எந்தப் பக்கங்களைத் திறந்து வைப்பது என்பதில்தான் சென்னைக்கே உரிய சிக்கல் இருக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் சாரல் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையில் இடியோடு வரும் மழையோ பெரும்பாலும் மேற்கே திரண்டு வருகிறது. கோடைப் பிற்பகல்களில் கடற்காற்று கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து வீசுகிறது. வடக்கிலும் கிழக்கிலும் கீழ்நோக்கிச் சரிந்த பட்டைகள் கொண்ட லூவர் தடுப்பை நிறுத்தி, தெற்கையும் மேற்கையும் திறந்துவிட்டு, அந்தப் பக்கங்களில் கூரையை இரண்டரை அடி வெளியே நீட்டுவது பெரும்பாலான மனைகளுக்குப் பொருந்தும். தடுப்பு கூரையைத் தொடாமல் ஓரடி இடைவெளி விட்டு நிற்க வேண்டும். ஸ்மோக்கரில் கரியும் விறகும் எரியும் அறையான நெருப்புப் பெட்டியின் காற்றுத் துளையை நேராகக் கடற்காற்றுக்குக் காட்டி நிறுத்துவதும் தவறுதான்; பிற்பகல் காற்று எழுந்தவுடன் தீ சீறி எரிந்து, வெப்பம் கைமீறிப் போய்விடும்.

கூரைக்கு எதைப் போடுவது என்பதில் மலிவும் அழகும் பலரை ஏமாற்றிவிடுகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையின் தோட்ட வீடுகளில் தென்னங்கீற்றுக் குடிலின் கீழ் ஸ்மோக்கரை நிறுத்தும் வழக்கம் இருக்கிறது. காய்ந்த கீற்றின் மீது ஒரு தீப்பொறி பறந்து விழுந்தால், வாளித் தண்ணீரோடு ஓடிவருவதற்குள் கூரை முழுவதும் பற்றிக்கொள்ளும். பி.வி.சி. ஷீட் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். பாலிகார்பனேட் அதைவிடத் தாங்கும் என்றாலும் 140 டிகிரியைத் தாண்டினால் தொய்ந்துவிடும். ஸ்மோக்கரின் உள்வெப்பம் பொதுவாக 110 முதல் 135 டிகிரி வரைதான் இருக்கும். ஆனால் நெருப்புப் பெட்டியின் வெளிச்சுவர் அதைவிட மிக அதிகமாகச் சூடேறும் என்பதால், அந்த 135 டிகிரியை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் சும்மா கிடக்கிறதே என்று எடுத்துத் துளை போடுவதும் வேண்டாம். அதை வெட்டும்போதும் துளைக்கும்போதும் பறக்கும் நார்த்தூள் நுரையீரலுக்குக் கேடு. வண்ணம் பூசிய உலோக ஷீட்டே இதற்கு ஏற்றது. துத்தநாகம் பூசிய தகரமும் கூரைக்குச் சரிதான். ஆனால் அதே தகரத்தின் வெட்டுத் துண்டை நெருப்புப் பெட்டிக்குள்ளோ அதை ஒட்டியோ தடுப்பாக வைத்துவிடக்கூடாது; கடுஞ்சூட்டில் அந்தப் பூச்சு எரிந்து எழும் புகை மனிதர்களுக்கும் ஆகாது, உணவுக்கும் ஆகாது.

ஷீட் சரியாக இருந்தும் கூரை தாழ்ந்துவிட்டால் வேறொரு தொல்லை வரும். புகைபோக்கியிலிருந்து வரும் ஈரமான புகை, இரவில் குளிர்ந்துபோன தகட்டின் அடிப்புறத்தில் பட்டுப் படிந்து, தேநீர் நிறத்தில் பிசுபிசுப்பான துளிகளாகத் திரளும். மூடியைத் திறந்து இறைச்சியைப் புரட்டும் நேரத்தில் அந்தத் துளி உள்ளே சொட்டினால் கசப்பு ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. கூரையின் தாழ்ந்த ஓரமே எட்டடிக்குக் குறையாமல் இருக்கட்டும். உயர்ந்த ஓரத்தின் கீழ் புகைபோக்கி வருமாறு ஸ்மோக்கரை நிறுத்திவிட்டால், புகை சரிவைப் பிடித்து ஏறி வெளியே போய்விடும், கூரையில் ஓட்டை போட வேண்டிய தேவையும் வராது. ஓட்டை போட்டே ஆக வேண்டுமென்றால், குழாயைச் சுற்றி இரண்டு அங்குல இடைவெளி விட்டு வளையம் அமைத்து, அதற்கு மேல் குழாயைத் தழுவிய குடைத்தகடு ஒன்றை மாட்ட வேண்டும். சாதாரண சிலிக்கான் பசையைப் பிதுக்கி அடைத்த இடம் ஒரு பருவம்கூடத் தாங்காது.

அடுத்தது காற்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வீசிய காற்றில் எத்தனை தகரக் கூரைகள் பறந்தன என்பது இந்த ஊருக்கு நினைவிருக்கும். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875, சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டரை அடிப்படைக் காற்று வேகமாக வைத்துள்ளது. அந்த வேகத்தில் 80 சதுர அடிக் கூரையை மேல்நோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 1 டன் எடைக்கு நிகரானது. கூரை கீழே விழாமல் தாங்குவதற்குத் தூண் போடுகிறோம். அது மேலே பறக்காமல் பிடிப்பதற்கு எதையும் செய்வதில்லை. நாலு கால்களையும் தளத்தின் மேல் வெறுமனே நிறுத்தி, கூரையை அரைச்செங்கல் கைப்பிடிச் சுவரோடு கம்பியால் கட்டி வைத்தால், புயலன்று சுவரும் சேர்ந்தே போகும்.

தரையில் கட்டுபவர் தூணுக்குக் குழி தோண்டிக் கான்கிரீட் போட்டுவிடலாம். மொட்டை மாடிக்காரர் அப்படிச் செய்ய முடியாது. அவர் செய்யும் தவறு, ஹாமர் டிரில்லைக் கொண்டுவரச் சொல்லி ஆங்கர் போல்ட்டுகளை நேரே தளத்தில் இறக்குவது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டு ஓடுகளைப் பதித்து, நீர் ஓட வாட்டம் கொடுத்த தளம் அது. போல்ட் ஒவ்வொன்றும் அந்தப் பாதுகாப்பைத் துளைத்துவிடும். முதல் மழையில் எதுவும் தெரியாது. ஒரு பருவம் கழிந்து, கீழ்வீட்டுப் படுக்கையறைக் கூரையில் ஈரத்திட்டு தோன்றும்போது நீர் எங்கிருந்து இறங்குகிறது என்று தேடுவதே பெரும்பாடாகிவிடும். போல்ட் பதித்து வார்த்த கான்கிரீட் கட்டைகளின் மீது கால்களை நிறுத்துவது நல்லது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றரை அடியாக உள்ள கட்டை ஏறக்குறைய 230 கிலோ இருக்கும். கனமான தகட்டில் செய்த ஸ்மோக்கரும் 200 கிலோவைத் தாண்டக்கூடும் என்பதால், இவற்றை உத்தரங்கள் ஓடும் வரிசையில் வைக்கலாமா என்று ஒரு கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் எதையும் மாடியில் ஏற்ற வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்தவுடன் ஷீட்டுகளைக் கழற்றி இறக்கிவிடக்கூடிய சிறிய கூரையே மாடிக்கு ஏற்றது என்பது என் கருத்து.

மாடியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். மொட்டை மாடித் தண்ணீர் குழாய் வழியாக நேரே மழைநீர் சேகரிப்புக் குழிக்குத்தான் போகிறது. சாம்பலையும் கொழுப்பையும் தளத்தில் கழுவிவிட்டால் குழியின் மணலும் ஜல்லியும் அடைபட்டுப்போகும். சாம்பல் ஆறிய பிறகு மூடியுள்ள தகர டப்பாவில் அள்ளி வையுங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதிகளில் துரு எங்கே தொடங்குகிறது என்பதை அறிய, இரண்டு ஆண்டுகள் ஆன கொட்டகை ஒன்றின் தூண் அடியைக் குனிந்து பார்த்தால் போதும். பெயின்ட் அங்கே கொப்புளம் கொப்புளமாக உப்பியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகக் கீறினால் பழுப்பு நிறச் செதில்கள் அடுக்கடுக்காக உதிரும். தூணைத் தளத்தோடு சமமாகப் புதைத்து, அதன் அடியில் தண்ணீர் தேங்கவிட்டதன் விளைவு அது. தளத்திற்கு மேல் நாலு அங்குலமாவது உயர்ந்த மேடையில் தூணின் அடித்தகடு உட்கார வேண்டும். சதுரக் குழாய்களின் முனைகளைத் திறந்தே விட்டுவிடும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. உள்ளே புகும் உப்புக்காற்று குழாயை உள்ளிருந்து தின்னும், வெளிப்பூச்சு கடைசிவரை பளபளவென்றே இருக்கும். முனைகளை மூடி வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். வெல்டிங் கசடைத் தட்டிச் சுத்தம் செய்யாமல் அதன் மேலேயே பிரைமர் அடிக்க விடாதீர்கள். கைப்பிடி, கீல், திருகாணிகளுக்கு 304 ரக எவர்சில்வரைவிட 316 ரகம் கடலோரத்தில் நெடுநாள் உழைக்கும்.

பக்கவாட்டில் கட்டட விதிகளின்படி திறந்தே இருக்க வேண்டிய இடத்தில் கொட்டகை போடாதீர்கள். விதிமீறல் ஒருபுறமிருக்க, புகை நேரே அண்டை வீட்டுச் சன்னலுக்குள் நுழையும். வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகளில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றதோ, தரையை அதற்கு மேல் எழுப்ப முடியாவிட்டாலும் மின்சாரப் பிளக்கையாவது அதற்கு மேல் வையுங்கள். மரத்தூள் குளிகைகளை மின்சாரத்தால் ஊட்டி எரிக்கும் பெல்லட் ஸ்மோக்கருக்கு வீட்டுக்குள்ளிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை இழுப்பது உயிரோடு விளையாடுவது. மூடியுள்ள வெளிப்புறப் பிளக் பெட்டியும், முறையான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இருந்தாக வேண்டும்.

விறகைக் கொட்டகைக்குள் தரையோடு அடுக்கினால் கரையானும் ஈரமும் ஏறும். மாங்கட்டையானாலும் கொய்யாக்கட்டையானாலும் ஈரம் ஏறிய விறகு கசப்பான வெள்ளைப் புகையைத்தான் தரும். ஓரடி உயரத் தட்டில், நெருப்புப் பெட்டியிலிருந்து மூன்றடிக்கு மேல் தள்ளி அடுக்குங்கள். ஸ்மோக்கரின் மேல் போடும் உறையை அது முழுவதும் ஆறிய பிறகே போட வேண்டும். அதுவும் நவம்பர் மாதத்தில் நாட்கணக்கில் கழற்றாமல் விட்டால் உள்ளே வியர்த்து, சமையல் தட்டுகளில் பூஞ்சை படரும். மழை விட்ட நேரங்களில் உறையை எடுத்துவிட்டு, தட்டுகளில் மெல்லிதாக எண்ணெய் தடவி, புகைபோக்கியின் மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள்.