மால்டீஸ் மொழியில் பழப் பெயர்கள்: ஒரு பழமா, ஒரு கிலோவா?

மால்டீஸ் பழப் பெயர்களை பழத்துக்கொரு சொல்லாக மனப்பாடம் செய்தால், மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவில் பழ வண்டி முன்னால் போய் நின்றதும் வாய் திக்கும். பெரும்பாலான பழங்களுக்கு அங்கே இரண்டு வடிவம் உண்டு: பொதுவாகக் குவியலைச் சொல்ல ஒன்று, ஒரே ஒரு பழத்தைச் சொல்ல இன்னொன்று. ஆரஞ்சு என்றால் லரிஞ்ச். ஒரே ஒரு ஆரஞ்சு லரிஞ்ஜா. முதல் நாளிலிருந்தே ஜோடியாக எழுதிப் படியுங்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து ஜோடி போதும். முதலில் துஃப்ஃபீஹ் – துஃப்ஃபீஹா (ஆப்பிள்), லரிஞ்ச் – லரிஞ்ஜா, லன்ஜாஸ் – லன்ஜாஸா (பேரிக்காய்), ரும்மீன் – ரும்மீனா (மாதுளை), தீன் – தீனா (அத்தி). குவியல் பெயரோடு ‘ஆ’ சேர்த்தால் ஒற்றைப் பழம். இந்த விதி கைக்கு வந்தபின் ஃப்ராவ்லி – ஃப்ராவ்லா (ஸ்ட்ராபெரி), நஸ்ப்லி – நஸ்ப்லா (லொக்காட்) மாதிரி ‘இ’யில் முடியும் குவியல் பெயர்களுக்கு வாருங்கள்.

உச்சரிப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். சொல்லின் கடைசியில் வரும் ஜ, ப (ஆங்கில b) போன்ற அதிரும் ஒலிகள் வல்லொலியாகிவிடும். அதனால்தான் லரிஞ்ஜாவில் கேட்கும் ‘ஜ’, லரிஞ்சில் ‘ச்’ ஆகிறது. தர்பூசணியில் மாற்றம் இன்னும் பெரிது: ஒரு பழம் துல்லீஆ, குவியல் துல்லீஹ். ‘ஜி’யும் குறுக்குக் கோடு போட்ட ‘எச்’சும் சேர்ந்த எழுத்து நடுவில் ஊமையாக இருக்கும், கடைசியில் வந்தால் ‘ஹ்’ என்று ஒலிக்கும். எழுத்து ஒன்றுதான், ஒலிதான் வேறு. ‘கியூ’ எழுத்தை ‘க’ என்று படித்துவிடாதீர்கள். குழந்தை எதையோ தொடப் போகும்போது “அ’அ” என்று தடுப்போமே, அப்போது நடுவில் தொண்டை அடைபடுவதுதான் அதன் ஒலி. பெர்’ஊ’ (ஆப்ரிகாட்) என்ற சொல்லில் அது இரண்டு முறை வரும். தமிழில் மட்டும் எழுதி வைத்தால் இந்த வேறுபாடுகள் பாதி மறைந்துபோகும். மால்டீஸ் எழுத்தையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. கிலோவுக்குக் குவியல் பெயர்: “கிலோ லரிஞ்ச், யெக் யோஜ்பொக்” (ஒரு கிலோ ஆரஞ்சு கொடுங்கள்). அரைக் கிலோவுக்கு “நொஃப்ஸ் கிலோ”. ஒன்று என்றால் லரிஞ்ஜா வஹ்தா. 2 முதல் 10 வரை மூன்றாவதாக ஒரு வடிவம் வரும்: மூன்று ஆரஞ்சு த்லீத் லரிஞ்ஜீத். 11 ஆனதும் திரும்ப ஒற்றை வடிவமே: ஹ்தாஷில் லரிஞ்ஜா. இனிப்பைச் சொல்லும்போது குவியல் பெயர் ஆண்பால், ஒற்றை பெண்பால்: லரிஞ்ச் ஹெலு, லரிஞ்ஜா ஹெல்வா.

ஆங்கில ‘the’ மாதிரி பெயருக்கு முன்னால் வரும் முன்னொட்டு ‘இல்’லையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள். இல்-லரிஞ்ச், இல்-ஹவ்ஹ் (பீச்) என்று இருந்தாலும், த, ர, ந, ச, ஸ, ஷ போன்ற ஒலிகளுக்கு முன்னால் ‘ல்’ கரைந்துவிடும்: இத்-துஃப்ஃபீஹ், இர்-ரும்மீன், இச்-சிராஸ் (செர்ரி). திராட்சை ஏனெப்; முன்னொட்டோடு லேனெப்.

மால்டீஸ் அரபிலிருந்து பிறந்த மொழி என்பதால், வளைகுடாவில் இருந்தவர்களுக்கும் அரபு படித்தவர்களுக்கும் பாதிச் சொற்கள் கேட்டமாதிரியே இருக்கும். அங்கேதான் ஆபத்தும். அரபில் பர்கூக் என்றால் பெரும்பாலும் பிளம். மால்டாவில் பெர்’ஊ’ ஆப்ரிகாட். பிளம் வேண்டுமென்றால் ஐன்ப’அர் கேளுங்கள், நேர்ப்பொருள் ‘மாட்டுக் கண்’. அரபில் பத்தீக் என்றால் பல இடங்களில் தர்பூசணி. மால்டாவில் பெத்தீஹ் என்றால் முலாம்பழம்தான். ஆரஞ்சுக்குப் புர்துகால் என்றால் கடைக்காரர் விழிப்பார். வாழைப்பழத்துக்கு மௌஸ் கிடையாது, வெறும் பனானா; ஒன்றானாலும் கிலோவானாலும் அதே சொல்.

அத்தியில் ஒரு சிக்கல் உண்டு. சில வகை அத்தி ஆண்டில் இருமுறை காய்க்கும். ஜூன் 24, புனித யோவான் திருநாளையொட்டி வரும் முதல் காய்ப்பின் பெயர் பைதர் தா சான் ஜ்வான். கோடை கடைசியில் வருவதுதான் தீன். பைதர் தஷ்-ஷெவ்க் என்றாலோ அத்தியே இல்லை, சப்பாத்திக்கள்ளிப் பழம். ‘ஷெவ்க்’ என்றால் முள். ஆகஸ்டில் வெறுமனே ‘பைதர்’ என்று கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் அந்த முள்பழமாகத்தான் இருக்கும்.