தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கே திரும்ப ஆட விடாதீர்கள்

தென் ஆப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சனிக்கிழமை காலையில் பிள்ளையை ரக்பி மேட்சுக்குக் கூட்டிப் போகிற அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். போன சீசனில் என் பையன் ஒரு டேக்கிளில், அதாவது எதிராளியைப் பிடித்துக் கீழே தள்ளும்போது, எதிரணிப் பையனின் முழங்காலில் தலை மோதி விழுந்தான். எழுந்ததும் கோச் தண்ணீர் கொடுத்து "ஒன்றுமில்லை, போ" என்றார், நானும் கோட்டுக்கு வெளியே நின்று கை தட்டினேன். வீட்டுக்கு வரும் வழியில் "அப்பா, நாம் ஜெயித்தோமா?" என்று மூன்று தடவை கேட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதற்குக் கன்கஷன் என்று பேர். மண்டையோடு உடையாமலே உள்ளே மூளை குலுங்கிப் போவது. இதைப் பற்றித் தேடினால் முதலில் வந்து நிற்பது அமெரிக்கக் கால்பந்துதான். அந்த ஆட்டக்காரர்கள் கெட்டியான ஹெல்மெட் போட்டுத்தான் ஆடுகிறார்கள், அப்படியும் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் வெப்ஸ்டர் நினைவும் வாழ்க்கையும் குலைந்து 2002இல் 50 வயதில் இறந்தபோது, பெனட் ஒமாலு என்ற மருத்துவர் அவர் மூளையில், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்ற சேதத்தைக் கண்டுபிடித்தார். 2017இல் வெளிவந்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில், அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் முன்பு ஆடிய 111 பேரின் மூளைகளில் 110இல் அதே சேதம் இருந்தது. அவை தானமாக வந்த மூளைகள், ஏற்கெனவே சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் கொடுத்திருக்கும், அதனால் எல்லோருக்கும் அதே கணக்கு என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஹெல்மெட்டே மூளையைக் காப்பாற்றவில்லை என்றால் நாம் வாங்கிக் கொடுக்கிற மெத்தென்ற ஸ்க்ரம் கேப் என்ன செய்யும்? காதும் தோலும் கிழியாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

சரி, மைதானத்தில் என்ன செய்வது? அடிபட்ட பிள்ளையிடம் "நல்லா இருக்கியா?" என்று கேட்கவே கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் சொல்வான். இப்போது எந்த மைதானத்தில் இருக்கிறோம், இது முதல் பாதியா இரண்டாவதா, கடைசியாகப் பாயிண்ட் எடுத்தது யார், போன வாரம் யாரோடு ஆடினோம் என்று கேளுங்கள். ஒன்றுக்குத் தடுமாறினாலும் வெளியே கூட்டி வந்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, தலை வலிக்கிறது, கண் மங்குகிறது, வெளிச்சம் கூசுகிறது என்றாலும் அதேதான். கன்கஷன் சந்தேகம் என்று நடுவர் நீல அட்டை காட்டிவிட்டால் பேச்சே இல்லை, அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப் போகிறது என்றால் அவனை அசைக்காதீர்கள், எழுப்பி உட்கார வைக்கவும் வேண்டாம். மயக்கம், வலிப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிவது, நேரம் ஆக ஆகத் தலைவலி ஏறுவது, இவற்றில் எது வந்தாலும் உடனே 10177க்கு அடியுங்கள், கைபேசியில் 112ம் கிடைக்கும்.

ஆபத்தான அறிகுறி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். அன்று இரவு தனியாக விடாதீர்கள். ஆயா நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டால் தேய்க்கட்டும், ஆனால் டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரினோ ஐபுபுரொஃபெனோ கொடுக்கக் கூடாது, உள்ளே ரத்தம் கசிந்தால் அது இன்னும் கெடுக்கும். இரண்டு நாள் போனையும் டிவியையும் குறைத்துவிடுங்கள். அப்புறம் பாடம், அதற்குப் பிறகு மெல்ல ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, கடைசியில்தான் டேக்கிள். பள்ளி, கிளப் அளவில் ஆடுகிறவர்களுக்கு உலக ரக்பி அமைப்பு சொல்வது குறைந்தது 21 நாள், அதற்கும் மேலே டாக்டர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் 13 வயதுப் பையன் ஒருவன் தலையில் அடிபட்டு, அதே மேட்சில் திரும்ப இறக்கப்பட்டு, மூளையில் ரத்தக்கசிவோடு விழுந்தான். டாக்டர் எழுத்து இல்லாமல் திரும்ப ஆடக் கூடாது என்று 2009இல் அங்கே சட்டமே வந்தது.

இன்னொன்று, என் மனசில் இதுதான் பெரிது. கன்கஷன் ஆகாத சின்னச் சின்ன மோதல்களும் வருஷக்கணக்கில் சேர்கின்றன, அதில் நிறைய பயிற்சியிலேயே விழுகின்றன. அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி 2010இலேயே பயிற்சியில் ஆளை ஆள் டேக்கிள் செய்வதை நிறுத்திவிட்டு பொம்மைகளோடு பழகியது, 2016இல் டார்ட்மத்தும் சேர்ந்த ஐவி லீக் என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் அணிகள் எல்லாமே, சீசன் நடக்கும் காலத்தில் பயிற்சியில் அப்படியே செய்வதென்று முடிவெடுத்தன. ஆட்டம் ஒன்றும் செத்துவிடவில்லை. அந்த ஆட்டத்தின் எதிர்காலம் இந்தப் பக்கம்தான் என்று நான் நம்புகிறேன், நம் ரக்பிக்கும் அப்படியே. அதனால் சீசன் தொடங்குவதற்கு முன்பே கோச்சிடம் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் முழு மோதலோடு பயிற்சி, கோச்சுகளுக்கான ரக்பிப் பாதுகாப்புப் பயிற்சியான போக்ஸ்மார்ட்டில் அவருடைய சான்றிதழ் இரண்டு வருஷத்துக்குள் எடுத்ததா. மழுப்பினால் வேறு பெற்றோர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போங்கள். நான் இந்த வருஷம் அப்படித்தான் நாலு பேரோடு போனேன், இப்போது செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் பைகளைத்தான் டேக்கிள் செய்கிறார்கள்.