வார்டு பொறுப்பாளர் பயிற்சி: எங்கே தவறுகிறோம்?

வார்டிலேயே கைதேர்ந்த செவிலியரைப் பொறுப்பாளர் ஆக்குகிறார்கள். மறுநாளே டியூட்டி ரோஸ்டர் (யாருக்கு எந்த நேரப் பணி என்ற பட்டியல்), விடுப்புக் கடிதங்கள், மருந்து இருப்புப் பதிவேடு எல்லாம் அவர் மேசைக்கு வந்துவிடும். பயிற்சி? "போகப் போகப் பழகிவிடும்" என்பார்கள். முதல் தவறு இதுதான்.

செவிலியரின் திறன் புதியவர் நிலையிலிருந்து வல்லுநர் நிலை வரை ஐந்து படிகளில் வளர்வதை 1984-இல் அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர் விளக்கினார். பழக்கமில்லாத பணிச்சூழலுக்குப் போகிறவர், எத்தனை அனுபவசாலி ஆனாலும், அங்கே முதல் படியிலிருந்தே தொடங்க நேரலாம் என்பது அவர் கருத்து. ஐசியூவில் பதினைந்து வருடம் நின்றவரும் இரண்டு ஊழியர்களின் சண்டையைத் தீர்ப்பதில் புதியவராக இருக்கலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை. பொறுப்பைக் கொடுப்பதற்குச் சில மாதம் முன்பே பழைய பொறுப்பாளருடன் சேர்ந்து ரோஸ்டர் போட வைத்தால் பாதி பயம் போய்விடும்.

அடுத்தது, எல்லாவற்றையும் தானே செய்வது. இளம் செவிலியர் கேனுலா (மருந்து ஏற்றும் சிறு குழாய்) போட நரம்பு தேடித் தடுமாறுகிறார். "தள்ளும்மா, நான் போடுறேன்" என்று பொறுப்பாளர் வாங்கிப் போட்டுவிடுகிறார். வலியில் இருக்கும் நோயாளிக்காக ஒருநாள் அப்படிச் செய்வது சரிதான். தினமும் அதுவே நடந்தால், பொறுப்பாளர் விடுப்பு எடுக்கும் நாளில் வார்டு தத்தளிக்கும். நாம் இருக்கும்போது நடப்பது நாம் இல்லாதபோதும் நடக்க வழி செய்வதே நிர்வாகம் என்று 1859-லேயே எழுதினார் புளோரன்ஸ் நைட்டிங்கேல். கையை நீட்டாமல், வாயால் மட்டும் வழிகாட்டிப் பழகுவதைப் பயிற்சியிலேயே சேர்க்க வேண்டும்.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. மருந்துப் பிழை பதிவாகவில்லை என்றால் வார்டு நன்றாக நடக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், தலைமை நன்றாக இருந்த வார்டுகளில்தான் அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே செவிலியர்கள் பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் தந்த விளக்கம். ஆகவே, "டோஸ் மாற்றிக் கொடுத்துட்டேன் சிஸ்டர்" என்று ஒருவர் கண்கலங்கி வந்து நிற்கும்போது பொறுப்பாளரின் வாயிலிருந்து வரும் முதல் சொல் முக்கியம். "யார் செய்தது?" என்பதற்கு முன்னால் "நோயாளி இப்போ எப்படி இருக்கார்?" என்று கேட்க வேண்டும். இதைப் புத்தகம் படித்துக் கற்க முடியாது. இருவர் எதிரெதிரே நின்று, நடித்துப் பார்த்துப் பழக வேண்டும்.

பயிற்சி நடத்துகிறவர்களும் தவறுகிறார்கள். இரண்டு நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், அத்தோடு சரி. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே வார்டிலிருந்து போன் மேல் போன் வரும். மாற்று ஆள் போட்டிருக்க மாட்டார்கள். திரும்பிப் போனபின் "கற்றதில் எதைச் செய்து பார்த்தீர்கள்?" என்று கேட்க யாரும் இருப்பதில்லை. வகுப்பு நேரத்துக்கு மாற்று ஆளை ரோஸ்டரிலேயே எழுதிவையுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு திறன் போதும். அதை வார்டில் செய்து பார்க்க ஒரு மாதம் கொடுத்து, மூத்தவர் ஒருவரை உடன் நிறுத்துங்கள். நைட் டியூட்டி முடித்து வருகிறவரைக் காலை ஒன்பது மணி வகுப்பில் உட்கார வைக்காதீர்கள்.