எதிர்பார்க்கும் விடையைத் தானே எழுதிக்கொள்ளும் டெஸ்ட்

நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் எழுதுவதில் அலுப்பான வேலை, எதிர்பார்க்கும் விடையைக் கையால் தட்டுவதுதான். பைதானில் இன்லைன்-ஸ்னாப்ஷாட் என்ற தொகுப்பு அதை நமக்காகச் செய்துவிடும். கட்டளைகளின் ஒலிப்பைத் தமிழில் தருகிறேன். அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். 'சுருக்கு', 'சொல்', 'அளவு' ஆகிய பெயர்கள் மட்டும் தமிழிலேயே இருக்கலாம்; பைதான் 3 ஏற்றுக்கொள்ளும்.

படி 1: டெஸ்ட்களை ஓட்டும் கருவியான பைடெஸ்டையும் இந்தத் தொகுப்பையும் டெர்மினலில் நிறுவுங்கள்.

பிப் இன்ஸ்டால் பைடெஸ்ட் இன்லைன்-ஸ்னாப்ஷாட்

படி 2: 'டெஸ்ட்_' என்று தொடங்கும் பெயரில் ஒரு கோப்பு திறந்து இதை எழுதுங்கள். சொல்லின் முதல் சில எழுத்துகளை மட்டும் தரும் சிறிய பங்க்ஷன் இது.

ஃப்ரம் இன்லைன்_ஸ்னாப்ஷாட் இம்போர்ட் ஸ்னாப்ஷாட்

டெஃப் சுருக்கு(சொல், அளவு):
    ரிட்டர்ன் சொல்[:அளவு]

டெஃப் டெஸ்ட்_சுருக்கு():
    அஸர்ட் சுருக்கு("வணக்கம்", 6) == ஸ்னாப்ஷாட்()

கடைசி அடைப்புக்குறி காலியாக இருப்பதைக் கவனியுங்கள். விடை அங்கேதான் வந்து உட்காரும்.

படி 3: இப்படி ஓட்டுங்கள்.

பைடெஸ்ட் --இன்லைன்-ஸ்னாப்ஷாட்=கிரியேட்

கோப்பை மீண்டும் திறந்தால் அந்த வரி மாறியிருக்கும்:

== ஸ்னாப்ஷாட்("வணக்கம")

அவசரப்பட்டு கமிட் செய்துவிடாதீர்கள் (மாற்றத்தைக் கிட்டில் பதிவு செய்வதுதான் கமிட்). கடைசி மெய்யின் புள்ளி எங்கே போயிற்று? 'வணக்கம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. பைதானுக்கு 7 குறியீடுகள் (கோட் பாயிண்ட்), ஏனென்றால் கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு, மெய்யெழுத்தின் புள்ளியைத் தனியாக எண்ணுகிறது. ஆறோடு வெட்டியதில் கடைசிப் புள்ளி விழுந்துவிட்டது. ஸ்னாப்ஷாட்டுக்கு இது தெரியாது. பங்க்ஷன் என்ன தந்ததோ அதைப் பதிவு செய்யும், அவ்வளவுதான். சரியா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. படிக்காமல் விட்டால் பிழையே 'சரியான விடை' ஆகி, நாளைக்கு யாராவது அதைத் திருத்தும்போது டெஸ்ட் அவரையே குற்றம் சொல்லும்.

படி 4: பங்க்ஷனைத் திருத்துவோம். பிப் மூலம் ரெஜெக்ஸ் தொகுப்பை நிறுவி இம்போர்ட் செய்யுங்கள். அதன் ஃபைண்டால் பங்க்ஷனுக்குப் பின்சாய்வுக் கோடு, பெரிய எக்ஸ் என்ற வடிவத்தைக் கொடுத்தால் சொல்லை முழு எழுத்துகளாகப் பிரித்துத் தரும். (பைதானோடு வரும் ரீ தொகுதிக்கு இந்த வடிவம் புரியாது.) அந்தப் பட்டியலை அளவுக்கு வெட்டி, ஜாயின் கொண்டு ஒட்டுங்கள்.

இப்போது வெறும் பைடெஸ்ட் ஓட்டினால் தோல்வி. பழைய விடை மாறிவிட்டதே, தோற்கத்தான் வேண்டும். புதியது சரி என்று உறுதியானால்:

பைடெஸ்ட் --இன்லைன்-ஸ்னாப்ஷாட்=ஃபிக்ஸ்

"வணக்கம" இருந்த இடத்தில் "வணக்கம்" வந்திருக்கும். மாறிய வரிகளைக் காட்டும் கிட் டிஃப்பில் அந்த ஒரு வரி மாற்றத்தைப் பார்த்த பிறகே கமிட் செய்யுங்கள். ஃபிக்ஸ் கட்டளையை எல்லா டெஸ்ட்களுக்கும் ஒரே வீச்சில் ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. இருபது மாற்றங்கள் ஒன்றாக வந்தால் யாரும் படிப்பதில்லை. கோப்புப் பெயரையும் சேர்த்துக் கொடுத்து ஒவ்வொன்றாக ஓட்டுங்கள்.

நேரம், தற்செயல் எண் போல ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும் மதிப்புகளை அப்படியே ஸ்னாப்ஷாட்டில் வைத்தால் டெஸ்ட் தினமும் தோற்கும். அந்த இடத்தில் மட்டும் டர்ட்டி-ஈக்வல்ஸ் தொகுப்பின் இஸ்டேட்டைம் (எந்தத் தேதி-நேரம் வந்தாலும் பொருந்தும்) போன்ற ஒன்றை நீங்களே எழுதிவிடுங்கள். ஃபிக்ஸ் ஓட்டும்போது இன்லைன்-ஸ்னாப்ஷாட் அதைத் தொடாது.